குழுவை உயர்த்தியதும் உடைத்ததும் ஒரே ஆல்பமா? 'தி பேண்ட்' இசைக்குழுவின் 1969 கதை

1969-ஆம் ஆண்டின் தொடக்கம். லாஸ் ஏஞ்சலீஸ் நகரில், ஹாலிவுட் மலைப்பகுதியில் ஒரு பெரிய வீடு. நீச்சல்குளத்தை ஒட்டி இருக்கும் சின்னக் கட்டடத்தில் ஒரு ராக் இசைக்குழு பாட்டுப் பதிவு செய்துகொண்டிருக்கிறது.

டிரம்ஸ் வாசிப்பவர் கையில் மாண்டலின். டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்திருப்பது பியானோ கலைஞர். பேஸ் கிட்டார் வாசிப்பவர் அதைக் கீழே வைத்துவிட்டு ஃபிடில் எடுத்துக்கொண்டார். ஆர்கன் கலைஞர் பியானோ பக்கம் போய்விட்டார். எல்லாம் சரி, அப்போ பேஸ் யார் வாசிப்பது? ஆல்பத்தின் தயாரிப்பாளர் ஜான் சைமன், ட்யூபா என்ற பெரிய ஊதுவாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ஊத ஆரம்பிக்கிறார்.

அந்தப் பாட்டின் பெயர் 'ராக் மாமா ராக்'. முடிந்தால் ஹெட்போனில் கேளுங்கள். பேஸ் கிட்டார் இல்லை என்பதே முதல் தடவை தெரியாது. அடியில் ஒரு யானை குஷியாக நடந்து வருகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் விடாமல் கேட்கும். அதுதான் ட்யூபா.

குழுவின் பெயர் 'தி பேண்ட்'. ஆல்பத்தின் பெயரும் அதுவேதான். 1969 செப்டம்பர் 22 அன்று வெளியானது. அட்டை பழுப்பு நிறம் என்பதால் ரசிகர்கள் இன்றும் 'பிரவுன் ஆல்பம்' என்றே சொல்கிறார்கள். 'ரூட்ஸ் ராக்' என்ற இசைவகையைப் பற்றி யார் எழுதினாலும் இந்த ஆல்பத்தைத் தொடாமல் போக முடியாது. இது அவர்களுடைய இரண்டாவது ஆல்பம். அந்த 'இரண்டாவது' என்ற வார்த்தையில்தான் இந்தக் கதை இருக்கிறது.

இரண்டாவது ஆல்பம் என்றால் ஏன் பயம்?

இசை உலகில் ரொம்ப நாளாகச் சொல்லப்படும் ஒரு கணக்கு உண்டு. முதல் ஆல்பத்துக்கான பாட்டுகளை எழுத உங்களுக்கு வாழ்நாள் முழுக்க நேரம் இருந்தது. இரண்டாவதை எழுத ஒரு வருஷம்தான். முதலாவது ஓடவில்லை என்றால் யாரும் உங்களைக் கவனிக்கப்போவதில்லை. ஓடிவிட்டாலோ, அதே மாதிரி இன்னொன்று கொடு என்று ஒரு பக்கமும், அதையே திரும்பச் செய்யாதே என்று இன்னொரு பக்கமும் கழுத்தைப் பிடிப்பார்கள்.

'தி பேண்ட்' விஷயத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. அவர்களுடைய முதல் ஆல்பத்தின் மேல் வேறொருவரின் நிழல் பெரிதாக விழுந்திருந்தது. அவர் பெயர் பாப் டிலன்.

கொஞ்சம் பின்னால் போவோம். இந்த ஐந்து பேரும் முதலில் ரானி ஹாக்கின்ஸ் என்ற ராக்கபிலி பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர்கள். அப்போது பெயர் 'தி ஹாக்ஸ்'. கிட்டார் ராபி ராபர்ட்சன், பேஸ் ரிக் டாங்கோ, பியானோ ரிச்சர்ட் மானுவல், ஆர்கன் கார்த் ஹட்சன். இந்த நால்வரும் கனடாக்காரர்கள். டிரம்ஸ் வாசித்த லெவான் ஹெல்ம் மட்டும் அமெரிக்காவின் தென்பகுதி, ஆர்கன்சா மாநிலத்துப் பருத்தி விவசாயி வீட்டுப் பையன். இந்த நாலுக்கு ஒன்று கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதில் ஹட்சன் சேர்ந்த கதை நம் வீடுகளுக்குப் புரியும். முறையாக இசை படித்த மனிதர். ராக் குழுவில் சேர்ந்தால் 'படிச்ச படிப்பு வீணாப்போச்சு' என்று வீட்டில் நினைப்பார்களே என்ற கவலை. அதனால் ஒரு நிபந்தனை போட்டார். மற்றவர்களுக்கு இசைப்பாடம் எடுக்கும் ஆசிரியராகத் தன்னை வைத்துக்கொள்ள வேண்டும், அதற்கு வாரம் 10 டாலர் தனியாகத் தர வேண்டும். வீட்டில் சொல்வதற்கு ஒரு 'டீச்சர் வேலை' தயார்!

ஹாக்கின்ஸை விட்டுப் பிரிந்தபின், 1965-66-இல் பாப் டிலனின் உலகச் சுற்றுப்பயணத்தில் இவர்கள் வாசித்தார்கள். நாட்டுப்புறப் பாடகராக இருந்த டிலன் மின் கிட்டாருக்கு மாறிய நேரம் அது. பழைய ரசிகர்கள் ஊர் ஊராகக் கூச்சல் போட்டு எதிர்த்தார்கள். ராத்திரிக்கு ராத்திரி திட்டு வாங்கிக்கொண்டே வாசிப்பது லெவான் ஹெல்முக்குப் பிடிக்கவில்லை. 1965 கடைசியில் குழுவை விட்டே கிளம்பி, மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலைக்குப் போய்விட்டார்.

1966 ஜூலையில் டிலன் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கினார். பயணங்கள் நின்றன. 1967-இல் நியூயார்க் மாநிலத்தின் வுட்ஸ்டாக் பகுதியில், இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்த ஒரு வாடகை வீட்டில் குழுவினர் குடியேறினார்கள். அதற்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் 'பிக் பிங்க்'. அந்த வீட்டின் அடித்தளத்தில் டிலனோடு உட்கார்ந்து மாதக்கணக்கில் பாடிப் பதிவு செய்தார்கள். டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லாததால் பியானோ மானுவலே கற்றுக்கொண்டு டிரம்ஸில் உட்கார்ந்தார். ஹெல்ம் திரும்பி வந்தபோது பார்த்தால், குழுவில் இரண்டு டிரம்மர்கள்!

வேறு குழுவாக இருந்தால் இது சண்டையில் முடிந்திருக்கும். இவர்கள் அதை ஒரு வசதியாக மாற்றிக்கொண்டார்கள். 'அவன் டிரம்ஸ்ல உட்கார்ந்தா நான் மாண்டலின் எடுத்துக்கிறேன்' என்கிற வசதி. 'ராக் மாமா ராக்' பதிவில் நடந்த நாற்காலி மாற்றத்தின் ஆரம்பம் இந்த இடம்தான்.

முதல் ஆல்பத்தில் பாதிப் பெயர் டிலனுக்கு

1968 ஜூலை 1 அன்று 'மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க்' வெளியானது. மொத்தம் 11 பாட்டுகள். அதில் ஒன்று டிலன் எழுதியது, இரண்டு டிலனோடு குழுவினர் சேர்ந்து எழுதியது. அட்டைப்படத்தை வரைந்ததும் டிலன்தான். பேச்சு முழுக்க 'டிலனோட குழு ஒரு ஆல்பம் போட்டிருக்காங்களாம்' என்பதாகவே இருந்தது.

ஒரு வேடிக்கை. பெயர்தான் பிக் பிங்க் வீட்டு இசை, அந்த ஆல்பம் அந்த வீட்டில் பதிவானதே இல்லை. நியூயார்க், லாஸ் ஏஞ்சலீஸ் ஸ்டுடியோக்களில் பதிவானது.

ஆல்பம் பெரிய விற்பனை இல்லை. பில்போர்டு பட்டியலில் 30-ஆம் இடம்தான் அதிகபட்சம். ஆனால் கேட்ட இசைக்கலைஞர்கள் ஆடிப்போனார்கள். எரிக் கிளாப்டன், தன் 'க்ரீம்' குழுவின் நீளநீளமான கிட்டார் மழை அலுத்துப்போனதற்கு இந்த ஆல்பமும் ஒரு காரணம் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் வுட்ஸ்டாக் வந்து இவர்களோடு பழகிவிட்டுப் போனார்.

கச்சேரிக்குப் போய் இந்தப் பெயரைக் காசாக்கியிருக்கலாம். ஆனால் ரிக் டாங்கோ கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து படுத்துவிட்டார். மேடை இல்லை, சுற்றுப்பயணம் இல்லை. அது துரதிர்ஷ்டம் மாதிரி தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் ஆல்பத்தின் ஹிட் பாட்டையே ஊர் ஊராகப் பாடிச் சலித்துப்போகாமல், உட்கார்ந்து அடுத்ததை யோசிக்க அவர்களுக்கு நேரம் கிடைத்தது. இரண்டாவது ஆல்பம் எடுக்கும் எந்தக் குழுவுக்கும் எளிதில் கிடைக்காதது அந்த நேரம்தான்.

ரூட்ஸ் ராக் என்றால் என்ன?

1967, 68-இல் ராக் இசையின் போக்கு வேறு. சைக்கடெலிக் காலம். ஒலியை வளைப்பது, எதிரொலியைக் கூட்டுவது, ஒரே பாட்டை கால் மணி நேரம் இழுப்பது எல்லாம் புதுமை. முப்பது வயதைத் தாண்டியவர்களை நம்பாதே என்பது இளைஞர் கூட்டத்தின் கோஷம்.

அதற்கு எதிர்த்திசையில் நடப்பதுதான் ரூட்ஸ் ராக். ராக் எங்கிருந்து வந்ததோ அந்த வேர்களுக்கே திரும்புவது. கறுப்பின மக்களின் ப்ளூஸ், தேவாலயங்களின் காஸ்பெல், மலைப்பகுதி ஃபிடில் இசை, கன்ட்ரி, நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஊதுவாத்தியக் குழுக்கள். இவற்றை அப்படியே நகலெடுப்பது இல்லை, ராக் குழுவின் டிரம்ஸ், கிட்டாரோடு கலந்து புதிதாக எழுதுவது. 'பழைய பாட்டு மாதிரி இருக்கே, ஆனா இதை நான் கேட்டதே இல்லையே' என்று உங்களுக்குத் தோன்றினால், அது நல்ல ரூட்ஸ் ராக்.

இவர்களுக்கு வேர் என்பது பாட்டோடு நிற்கவில்லை. முதல் ஆல்பத்தின் உள்ளே ஒரு புகைப்படம் இருக்கிறது. கனடாவில் டாங்கோ குடும்பத்துப் பண்ணையில் எடுத்தது. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, சொந்தக்காரர்கள் என்று எல்லோரும் வரிசையாக நிற்கும் குடும்பப் படம். வர முடியாத ஹெல்மின் பெற்றோரைத் தனியாக ஓரத்தில் ஒட்டியிருப்பார்கள். நம் கல்யாண ஆல்பத்தில் இருக்குமே, அதே மாதிரி! பெற்றோரை எதிர்ப்பதே ஃபேஷனாக இருந்த வருஷத்தில் ஒரு ராக் குழு இப்படிச் செய்தது.

நீச்சல்குள ஸ்டுடியோவில் என்ன மாறியது?

இரண்டாவது ஆல்பத்துக்கு டிலன் பாட்டு ஒன்றுகூட வேண்டாம் என்று முடிவானது. அடுத்த முடிவு, ஸ்டுடியோவும் வேண்டாம்.

ஸ்டுடியோவில் என்ன பிரச்னை? ஒருவரின் ஒலி இன்னொருவரின் மைக்கில் கலக்கக் கூடாது என்று கலைஞர்களைத் தடுப்புகளுக்குப் பின்னால் தனித்தனியாக உட்கார வைப்பார்கள். இந்தக் குழுவோ அடித்தளத்தில் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து வாசித்துப் பழகியது. அடுத்தவர் எப்போது மூச்செடுக்கிறார், எப்போது குரலை விடப்போகிறார் என்பதைப் பார்த்தால்தான் அவர்களுக்கு வாசிப்பே வரும்.

அதனால் ஒரு வீட்டையே ஸ்டுடியோ ஆக்கினார்கள். நடிகரும் பாடகருமான சாமி டேவிஸ் ஜூனியருக்குச் சொந்தமான வீடு அது. குடும்பத்தோடு குடியேறி, நீச்சல்குளத்துப் பக்கக் கட்டடத்தில் கேபிடல் நிறுவனத்தின் பதிவுக் கருவிகளை இறக்கினார்கள். ஒலிப்பதிவுப் பொறியாளர் வேலையையும் ராபர்ட்சனே எடுத்துக்கொண்டார். பெரும்பாலான பாட்டுகள் அங்கேயே பதிவாயின. மிச்சம் சில நியூயார்க்கில் முடிந்தன.

வித்தியாசம் காதில் உடனே தெரியும். முதல் ஆல்பத்தில் ஒரு பெரிய மண்டபத்தில் கேட்கிற மாதிரி எதிரொலி இருக்கும். இரண்டாவதில் அது போய்விட்டது. சின்ன அறை. மரச்சாமான்களும் கம்பளமும் இருக்கிற ஒரு வீட்டுக் கூடத்தில், உங்களுக்கு மூன்றடி தள்ளி வாசிக்கிற மாதிரி. ஹெல்மின் டிரம்ஸ் 'டண்' என்று கணகணப்பதில்லை. தாழ்ந்த சுருதியில் 'தொப்' என்று விழும். 1969-இல் இது பழையகாலச் சத்தமாகத் தோன்றியிருக்க வேண்டும். இன்று கேட்டால் நேற்றுப் பதிவானது போல இருக்கிறது. எதிரொலிக்கும் எஃபெக்டுக்கும் தேதி உண்டு, சின்ன அறைக்குத் தேதி இல்லை போலும்.

'அப் ஆன் கிரிப்பிள் கிரீக்' பாட்டைப் போட்டால் பல்லவியை ஒட்டி 'ட்வாங், ட்வாங்' என்று ஒரு சத்தம் வரும். முதல் தடவை கேட்டபோது, அட, இது நம்ம மோர்சிங் ஆச்சே என்று நான் திரும்பவும் ஓட்டிக் கேட்டேன். மோர்சிங் இல்லை. ஹட்சன் க்ளாவினெட் என்ற மின் விசைப்பலகையை, கிட்டார்காரர்கள் காலால் மிதிக்கும் வா-வா பெடல் வழியாகச் செலுத்தி உண்டாக்கிய ஒலி. அமெரிக்க மலைக்கிராமங்களிலும் மோர்சிங் போன்ற வாத்தியம் உண்டு. அந்தக் கிராமத்து ஒலியை அப்போதைய நவீனக் கருவியால் செய்து காட்டியிருக்கிறார். பழையதைத் தேடிப்போகிறவர்கள் தொழில்நுட்பத்தை வெறுப்பவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

மூன்று குரல்கள் இருந்ததும் ஒரு பலம். ஹெல்மின் குரலில் மண்ணும் கிண்டலும். டாங்கோவின் குரலில் எப்போதும் ஒரு பதற்றம். மானுவலின் குரல் உடைந்துபோகும் எல்லையில் நிற்கும். முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டைப் பாடிய ராபர்ட்சன் இதில் முன்வந்து பாடவே இல்லை. எழுதிவிட்டு, எந்தப் பாத்திரத்துக்கு எந்தக் குரல் என்று பார்த்துக் கொடுத்தார். சினிமாவில் நடிகர் தேர்வு செய்வது போல என்றால் சரியாக இருக்கும்.

இருபத்தாறு வயதில் முதுமையைப் பற்றி

முதல் ஆல்பத்தின் பாட்டுகள் கனவு மாதிரி. யார் பேசுகிறார், எந்த ஊர், எந்தக் காலம் எதுவும் பிடிபடாது. இரண்டாவதில் மனிதர்கள் வந்துவிட்டார்கள், அவரவர் வேலையோடு. லாரி ஓட்டுபவர், திருடன், வீட்டு வேலையாள், விளைச்சல் பொய்த்துப்போன விவசாயி.

'ராக்கிங் சேர்' என்ற பாட்டில் இரண்டு வயதான நண்பர்கள். கடலில் அலைந்தது போதும், ஊர்ப்பக்கம் போய் ஆடுநாற்காலியில் உட்காரலாம் என்கிறார் ஒருவர். டிரம்ஸே கிடையாது. மாண்டலின், அக்கார்டியன், கிட்டார், பேஸ், அவ்வளவுதான். எழுதியவருக்கும் பாடியவருக்கும் அப்போது வயது 26-க்குள். ராக் உலகமே இளமையைக் கொண்டாடும்போது, மூட்டுவலி வயசில் வரும் ஆசையைப் பாட இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது!

கடைசிப் பாட்டு 'கிங் ஹார்வெஸ்ட்'. என்னைக் கேட்டால் ஆல்பத்தின் உச்சம் இதுதான். விவசாயி ஒருவன் பேசுகிறான். விளைச்சல் போயிற்று, களஞ்சியம் எரிந்துவிட்டது, குதிரைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. இனி சங்கம்தான் காப்பாற்றும் என்று நம்பிச் சேர்ந்திருக்கிறான். வழக்கமாகப் பாட்டு என்றால் சரணத்தில் அடங்கி, பல்லவியில் எகிறும். இதில் தலைகீழ். பல்லவியில் அறுவடைக் காலத்துக் காற்றைப் பற்றி ரகசியம் போல முணுமுணுக்கிறார்கள். சரணத்தில்தான் மானுவல் தொண்டை நரம்பு தெரியப் பாடுகிறார். இயற்கையைப் பாடும்போது அமைதி, கடனையும் சங்கத்தையும் பாடும்போது பதைப்பு. இந்த ஒரு ஏற்பாட்டை யோசித்தவர்கள் முதல் ஆல்பத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இந்தக் கதைகளின் ஊற்று எது? ராபர்ட்சன் டொரண்டோ நகரத்துப் பையன். ரானி ஹாக்கின்ஸ் குழுவில் சேர 16 வயதில் ஆர்கன்சாவுக்குப் போனவர். ரேடியோவில் மட்டும் கேட்டிருந்த ஊர்ப்பெயர்களை முதல்முறை நேரில் பார்த்தார். வெளியூர்க்காரனுக்குத்தான் ஒரு ஊரின் பேச்சும் வாசனையும் பளிச்சென்று தெரியும். அந்த ஊர்க்காரரான ஹெல்ம் பக்கத்திலேயே இருந்தார், சொல்லித்தர. அந்த நாலுக்கு ஒன்று கணக்கு இங்கேதான் வேலை செய்கிறது.

சர்ச்சையான ஒரு பாட்டு

'தி நைட் தே டிரோவ் ஓல்ட் டிக்ஸி டவுன்' என்ற பாட்டை இன்று கேட்பவர்கள் கொஞ்சம் நெளிவார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவில், 1865-இல், தோற்றுப்போன தென்பகுதியைச் சேர்ந்த ஓர் ஏழை வெள்ளையர் பேசுவதாக எழுதப்பட்டது. பசி, இறந்துபோன அண்ணன், உடைந்துபோன ஊர். ராபர்ட்சன் இதற்காக நூலகத்தில் போய்ப் படித்தார், அழைத்துப் போனவர் ஹெல்ம்.

பாட்டில் அடிமைமுறை பற்றி ஒரு வார்த்தை கிடையாது. தென்பகுதி எதற்காகப் போரிட்டது என்பதை விட்டுவிட்டு அதன் துக்கத்தை மட்டும் பாடலாமா என்று கறுப்பின எழுத்தாளர்கள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. போரைத் தொடங்காத, அடிமைகளை வைத்திருக்காத ஏழை ஒருவனின் பக்கம் நின்று பார்க்கும் பாட்டு இது என்பது இன்னொரு வாதம். எனக்கு இரண்டும் சேர்ந்தே கேட்கிறது. ஹெல்மின் குரலில் இருக்கும் வலி நிஜம், அந்த மௌனமும் நிஜம். வேர்களைத் தேடிப்போகும் எந்த இசையும், எந்த வேரைத் தோண்டினோம், எதை மண்ணிலேயே விட்டோம் என்ற கேள்வியைச் சந்தித்தே ஆக வேண்டும்.

யார் எழுதியது?

ஆல்பம் பில்போர்டு பட்டியலில் 9-ஆம் இடம் வரை போனது. 'அப் ஆன் கிரிப்பிள் கிரீக்' தனிப்பாட்டாக 25-ஆம் இடம். 1970 ஜனவரி 12 தேதியிட்ட 'டைம்' இதழின் அட்டையில் 'தி பேண்ட்' இடம்பிடித்தது. இப்போது யாரும் டிலனின் குழு என்று சொல்லவில்லை. பிற்பாடு 2009-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலில் இந்த ஆல்பத்தைச் சேர்த்தது.

இனி ஆல்பத்தின் பின்னட்டையைப் பார்ப்போம். பாட்டு எழுதியவர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது?

முதல் ஆல்பத்தில் ராபர்ட்சன் பெயரில் 4 பாட்டுகள். மானுவல் பெயரிலும் 4, அதில் ஒன்று டிலனோடு சேர்ந்து. சரிக்குச் சரி. இரண்டாவதில் 12 பாட்டுகள். பன்னிரண்டிலும் ராபர்ட்சன் பெயர் இருக்கிறது, எட்டில் அவர் பெயர் மட்டுமே. மானுவலுக்கு மூன்றில் பங்கு, ஹெல்முக்கு ஒன்றில். டாங்கோவுக்கும் ஹட்சனுக்கும் எதிலும் இல்லை.

'பேர்தானே, போகட்டும்' என்று விட முடியாது. காரணம், இசையில் பணம் பெயரின் வழியாகத்தான் போகிறது. காப்புரிமைச் சட்டம் ஒரு பாட்டை இரண்டாகப் பார்க்கிறது. ஒன்று பாட்டு, அதாவது மெட்டும் வரிகளும். இன்னொன்று அதன் ஒலிப்பதிவு. மெட்டும் வரிகளும் எழுதியவருக்கு ஒரு தனி வருமானம் உண்டு. டிரம்ஸில் யோசித்த தாளக்கட்டு, க்ளாவினெட்டில் கண்டுபிடித்த மோர்சிங் ஒலி, ட்யூபாவைத் தூக்கிய யோசனை எல்லாம் பெரும்பாலும் 'வாசிப்பு' கணக்கில் போய்விடும், 'எழுத்து' கணக்கில் வராது.

அமெரிக்காவில் இது இன்னும் கூர்மையானது. அங்கே ஏஎம், எஃப்எம் வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால், எழுதியவருக்கும் அவருடைய பதிப்பு நிறுவனத்துக்கும் பணம் உண்டு. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் வானொலி எதுவும் தர வேண்டியதில்லை. இன்றும் அதுதான் நிலை. 1971-இல் ஜோன் பயஸ் அந்த 'டிக்ஸி' பாட்டைத் தன் குரலில் பாடி, அது பில்போர்டில் 3-ஆம் இடத்துக்குப் போனது. அதன் ராயல்டி எழுதியவருக்கு. முதலில் பாடிப் பிரபலமாக்கிய, நூலகம் வரை கூட்டிப்போன ஹெல்முக்கு அதில் பங்கு இல்லை.

1993-இல் வெளிவந்த தன் சுயசரிதையில் ஹெல்ம் இதைக் கோபத்தோடு எழுதினார். பாட்டுகள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து உருவானவை, பெயர் மட்டும் ஒருவருக்குப் போனது என்பது அவர் தரப்பு. நான் உட்கார்ந்து எழுதினேன், மற்றவர்களையும் எழுதச் சொன்னேன், அவர்கள் எழுதவில்லை என்பது ராபர்ட்சன் தரப்பு.

ஒரு டீமில் வேலை பார்க்கிற யாருக்கும் இது புதிதில்லை. மீட்டிங்கில் ஐந்து பேர் பேசி உருவாகிற ஐடியா, பிபிடியில் ஒருவர் பெயரோடு போகும். அவர் ராத்திரி உட்கார்ந்து ஸ்லைடு செய்தார் என்பதும் உண்மை. மற்ற நால்வர் இல்லாமல் அந்த ஸ்லைடில் எழுத எதுவும் இருந்திருக்காது என்பதும் உண்மை.

என் கருத்தைக் கேட்டால், சட்டப்படி ராபர்ட்சன் பக்கம் பலம் அதிகம். வரிகளைத் தாளில் எழுதி முடித்தவர் அவர். ஆனால் இந்த ஆல்பத்தின் மதிப்பு தாளில் இல்லை. 'ராக் மாமா ராக்' வரிகளை மட்டும் படித்தால் ஒரு சாதாரணக் காதல் புலம்பல். டிரம்ஸில் மானுவலும், ஃபிடிலில் டாங்கோவும், பியானோவில் ஹட்சனும் இல்லாமல் அது நினைவில் நிற்காது. அந்த உழைப்புக்குச் சட்டத்தில் ஒரு கட்டம் இல்லை. நண்பர்களுக்குள் அந்தக் கட்டத்தை வரைந்திருக்கலாம். வரையவில்லை.

பிறகு என்ன ஆனது?

1970-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் மானுவலுக்கு இரண்டு பாட்டுகளில் பங்கு. அதற்கப்புறம் அவர் குழுவுக்குப் புதுப் பாட்டு எழுதவே இல்லை. முதல் ஆல்பத்தில் சரிசமமாக நின்ற பாடலாசிரியர் மௌனமாகிவிட்டார். குடிப்பழக்கமும் அவரைப் பிடித்துக்கொண்டது. 1976 நவம்பர் 25 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் வின்டர்லேண்ட் அரங்கில் பெரிய விடைபெறும் கச்சேரி. மார்ட்டின் ஸ்கார்செஸி அதை 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' என்ற படமாக்கினார். 'டிக்ஸி' பாட்டை ஹெல்ம் அதற்குப் பிறகு மேடையில் பாட மறுத்துவிட்டார்.

அதே வின்டர்லேண்டில்தான் 1969 ஏப்ரலில், 'தி பேண்ட்' என்ற பெயரில் அவர்களுடைய முதல் கச்சேரி நடந்தது. அன்றைக்கு ராபர்ட்சனுக்கு உடம்பு சரியில்லை. எழுந்து நிற்கவே முடியாமல் இருந்தவரை மேடையேற்ற ஒரு ஹிப்னாடிஸ்டை அழைத்து வந்தார்கள்! ஆரம்பமும் முடிவும் ஒரே மேடையில் அமைந்தது தற்செயல்தான்.

மானுவல் 1986-லும் டாங்கோ 1999-லும் இறந்தார்கள். 2012-இல் ஹெல்ம் மருத்துவமனையில் கடைசி நாட்களில் இருந்தபோது, ராபர்ட்சன் போய்ப் பார்த்தார். ராபர்ட்சன் 2023 ஆகஸ்டில் போனார். வாரம் 10 டாலர் 'டீச்சர்' ஹட்சன் 2025 ஜனவரியில், 87 வயதில். ஐந்து பேரில் இப்போது யாரும் இல்லை.

ஆல்பத்தைக் கேட்க நினைப்பவர்கள் முதலில் 'ராக் மாமா ராக்', அடுத்து 'ராக்கிங் சேர்', பிறகு 'கிங் ஹார்வெஸ்ட்' என்ற வரிசையில் போகலாம். கடைசிப் பாட்டின் இறுதியில் ராபர்ட்சனின் கிட்டார் தனியாக வரும். ஆர்ப்பாட்டமே இல்லாத, ஒவ்வொரு ஸ்வரத்தையும் யோசித்து வைக்கிற வாசிப்பு. வால்யூமைக் கொஞ்சம் கூட்டிவைத்துக்கொள்ளுங்கள். அவர் விரலுக்கு அடியில் ஹெல்மின் டிரம்ஸ் ஒரு அடி பிந்தாமல் கூடவே போகும். கிட்டார் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் ஒலி மெல்லக் குறைந்து, ஆல்பம் முடிந்துவிடும்.